கிங் பின் கிட் கேட்பதற்கு முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

பழைய டாடா 1210, 1612, 1613, லேலண்ட் காமெட் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஓட்டுநர்களுக்கும் இந்த மடல். கிங் பின் என்பது முன் சக்கரம் இடம் வலம் திரும்ப அச்சாக நிற்கும் முளை; அதோடு புஷ், பேரிங், ஷிம் சேர்ந்தது கிட். "முன்னாடி உதறுது, கிங் பின் கிட் ஒண்ணு குடுங்க" என்று கவுண்ட்டரில் கேட்டால், உடனே எடுத்துக் கொடுக்காமல் நாலு கேள்வி கேட்கிறோம். சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது. ஆனால் உதறலுக்கு வாங்கிப்போகும் கிட்டில் பாதிக்கு மேல் தேவையே இல்லாதது என்பது எங்கள் கணிப்பு. கிட் போட்ட பிறகும் வண்டி உதறும், பழி பொருளின்மேல் விழும். அதனால் எதற்காகக் கேட்கிறோம் என்பதை எழுதிவிடுகிறோம்.

முதல் கேள்வி, உதறல் கையில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? 9.00-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் ஓடும். 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு ஐந்து சுற்றைக் கொஞ்சம் தாண்டும். ஆக, சக்கரத்தில் கோளாறு இருந்தால் ஸ்டீரிங் நொடிக்கு ஐந்து தடவை ஆடும். கவனித்தால் எண்ணக்கூட முடியும். புரொபெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்சிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) அதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வேகமாகச் சுற்றுவதால் அதன் அதிர்வை எண்ண முடியாது. தரையிலும் சீட்டிலும் 'கிர்ர்' என்று வரும். அப்படி வந்தால் முன் ஆக்சிலைத் தொடவே வேண்டாம். யூஜே கிராஸ் (ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் சிலுவை), சென்டர் பேரிங், ஷாஃப்டைக் கழற்றி மாட்டியபோது அம்புக்குறி நேராக வந்ததா, இவற்றைப் பாருங்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலில் ஓடவிட்டதும் அதிர்வு நின்றால், சக்கரத்தை விட்டுவிட்டு இன்ஜின், கிளட்ச், மவுண்டிங் பக்கம் போங்கள்.

பிரேக் மிதித்தால் மட்டும் உதறினால் டிரம் வட்டம் போயிருக்கும். இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றுமில்லை. டயல் கேஜ் வைத்துப் பார்த்து லேத்தில் கொடுங்கள். ஓவர்சைஸ் எல்லை டிரம்மிலேயே பதிந்திருக்கும். அதைத் தாண்டிக் கடைய வேண்டாம்.

மீதியில் இரண்டு வகை உண்டு. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மெல்லத் தொடங்கி, அதைத் தாண்டினால் குறைவது ஒன்று. அது டயர், டிஸ்க் (சக்கரத் தட்டு), பேலன்ஸ் சம்பந்தப்பட்டது. இன்னொன்று, பள்ளத்தில் இறங்கியதும் சட்டென்று பிடித்துக்கொண்டு, இருபதுக்கு இறங்கும்வரை ஸ்டீரிங்கைக் கையிலிருந்து பிடுங்கிப் போடும் ஆட்டம். அது எங்கோ தொளதொளப்பு இருக்கிறது என்பதன் அடையாளம். கிங் பின் பேச்சு இங்கேதான் வரலாம்.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம். டயரின் வெளிவிளிம்பில் 200 கிராம் கூடுதல் எடை இருந்தால் 60-ல் அது சுமார் 12 கிலோ இழுப்பாக மாறும், 80-ல் 21 கிலோ. சுத்தியலால் அடிப்பதுபோல, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. ஆனால் பேலன்சிங் கடைக்குப் போவதற்கு முன் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கம்பியை ஸ்டாண்டில் கட்டி, நுனியை டயர் ஓடும் பரப்பை ஒட்டி நிறுத்திச் சுற்றிப் பாருங்கள். இடைவெளி ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் 3 மி.மீ.க்கு மேல் மாறினால் எத்தனை ஈயம் ஒட்டினாலும் உதறல் போகாது. டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே மறைந்திருந்தால் டயர் உட்காரவில்லை.

லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் வளையம்) போட்ட ரிம்களில் இது சகஜம். காற்றை முழுவதும் இறக்கி, வால்வுக்குள் இருக்கும் பின்னையே கழற்றிய பிறகுதான் ரிங்கில் கை வைக்க வேண்டும். திரும்பக் காற்றடிக்கும்போது கூண்டு இல்லாவிட்டால் சங்கிலியாவது சுற்றுங்கள். ரிங் தெறித்தால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

டிஸ்க் டிரம்மில் உட்காரும் முகத்தைச் சுரண்டிப் பாருங்கள். பெயிண்ட் மேல் பெயிண்ட், துரு, மண் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் தடித்திருந்தால் சக்கரம் கோணலாகத்தான் உட்காரும். நட்டுகளை வரிசையாகச் சுற்றி இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். 100 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை. சில பழைய வண்டிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடது மரை. ஸ்டட் வாங்கும்போது எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லுங்கள். முன்னால் ரீட்ரெட் டயர் வேண்டாம். ஒரே ஆக்சிலில் ஒரு பக்கம் நைலான், மறுபக்கம் ரேடியல் கூடவே கூடாது.

இரண்டாவது வகைக்கு ஆள் ஒருவர் துணைக்கு வேண்டும். முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது கிங் பின்னா, வீல் பேரிங்கா? துணையாளை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். பேரிங் நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சுமார் ஆறில் ஒரு சுற்று தளர்த்தி லாக் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிரேக் மிதித்தும் ஆடினால் அப்போது கிங் பின். ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல்தான் பலரும் கிட் வாங்குகிறார்கள்.

அடுத்து, வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டீரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக அசைக்கச் சொல்லிவிட்டுக் கீழே படுங்கள். ஸ்டீரிங் பாக்ஸ் ஷாஃப்ட், டிராப் ஆர்ம், டிராக் லிங்க், டை ராட் என்று, ஸ்டீரிங் அசைவு சக்கரத்துக்குப் போகும் வரிசையிலேயே விரலை வைத்துப் பாருங்கள். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் சும்மா இருக்கிறதோ, அதுதான் குற்றவாளி. பாக்ஸ் சேஸிஸில் பொருந்தும் போல்ட்டையும் பாருங்கள். தளர்ந்திருந்தால் பாக்ஸே சேர்ந்து ஆடும். மூட்டுகளில் உள்ள ஆட்டத்தை மறைக்க பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கும் பழக்கம் இருக்கிறது. அப்படி இறுக்கினால் வளைவில் ஸ்டீரிங் திரும்பி வராமல் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையை எங்களிடம் கேட்காதீர்கள், செய்ய மாட்டோம்.

லோடு ஏற்றினால் மட்டும் உதறுகிறதா? பின்பக்க ஸ்பிரிங் பட்டை தொய்ந்து வண்டி பின்னால் சாய்ந்தால் காஸ்டர் (கிங் பின்னின் மேல்முனை பின்னோக்கிச் சாயும் கோணம்) கூடிவிடும், முன் சக்கரம் உதறும். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இருக்கும் டேப்பர் பிளேட்டை (ஒரு பக்கம் கனமான தகடு) யாரோ இரண்டாக்கியிருந்தாலும் இதே கதை. தலைகீழாகப் போட்டிருந்தால் உதறாது, ஆனால் வண்டி ரோட்டில் நேராக நிற்காமல் அலையும். கழற்றும் முன் கனமான பக்கம் எது என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள். முன் ஸ்பிரிங் முனைக் கண்ணில் மாட்டும் பின்னிலிருந்து ஆக்சில் நடுவுக்கு இரு பக்கமும் அளந்தால் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. வந்தால் சென்டர் போல்ட் ஒடிந்து ஆக்சில் நகர்ந்திருக்கிறது.

டயரின் மேல் உள்ளங்கையை வெளியிலிருந்து உள்ளே தடவிப் பாருங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. உள்ளே தடவும்போது வழுவழுவென்றும் வெளியே தடவும்போது அரம்போலவும் இருந்தால் டோ இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கி இருப்பது) அதிகம். மாறி இருந்தால் டோ அவுட். நைலான் டயருக்கு, இரு டயர்களுக்கும் நடுவே முன்பக்க அளவு பின்பக்கத்தைவிட 1.5 முதல் 3 மி.மீ. குறைவாக இருந்தால் போதும். குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக், பேலன்ஸ், பேரிங் பக்கம் போங்கள்.

இனிப் பொருள் விஷயம். ஆர்.சி. புத்தகத்தில் 1210 என்று இருப்பதால் ஆக்சிலும் 1210 என்று நம்ப முடியாது. முப்பது வருடம் ஓடிய வண்டியில் முன் ஆக்சில் எத்தனை கை மாறியதோ! 1954-ல் டாடா, டைம்லர் பென்ஸ் கூட்டில் லாரி செய்யத் தொடங்கியது. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்த பிறகும் வடிவமைப்பு நெடுங்காலம் தொடர்ந்தது. அதனால் பழைய மாடல்களுக்குள் பல பாகங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், பொருத்தினால் பொருந்தாது. பழைய பாகத்தைக் கழுவிக் கையோடு கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் வெர்னியர் அளவு போதும்: கிங் பின்னுக்குத் தேயாத இடத்தில் விட்டமும் முழு நீளமும், புஷ்ஷுக்கு உள், வெளி விட்டம், ஸ்பிரிங் பட்டைக்கு அகலமும் கனமும்.

டை ராட் எண்டில் ஒன்று வலது மரை, ஒன்று இடது மரை, ஜோடியாக வாங்குங்கள். அதன் டேப்பர் பொருந்துகிறதா என்று பார்க்க, எண்டின் கூம்பு முளைமேல் சாக்பீஸ் தடவி ஓட்டையில் அழுத்தித் திருப்பி எடுங்கள். சாக் முழு நீளமும் அழிந்திருக்க வேண்டும். மேலோ கீழோ மட்டும் அழிந்திருந்தால் அது உங்கள் வண்டிக்கானது அல்ல. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்ச நாளில் ஆடும்.

பழைய சாமான் கடையில், சென்னை புதுப்பேட்டையானாலும் வேறெங்கானாலும், ஸ்டீரிங் பாக்ஸின் வெளிக்கூடும் வளையாத ஆக்சில் பீமும் வாங்கலாம். டை ராட் எண்ட், யு போல்ட், வீல் ஸ்டட் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஸ்டப் ஆக்சில் (முன் சக்கரம் மாட்டும் தண்டு) பழையது என்றால் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவி அரைமணி நேரம் விடுங்கள். உள் பேரிங் உட்காரும் இடத்துக்கு அடியில், தண்டு தட்டோடு சேரும் வளைவில், முடிபோல ஈரக்கோடு தெரிந்தால் அது விரிசல். வெல்டிங் வைக்கலாமா என்று கேட்காதீர்கள். வளைந்த பீமைச் சூடு காட்டி நிமிர்த்துவதும் அப்படித்தான், இரும்பின் பதமே போய்விடும்.

கிட் போட்டே ஆகவேண்டும் என்றால், முதலில் பீம் கண்ணில் (கிங் பின் நுழையும் ஓட்டையில்) புதுப் பின்னை நுழைத்துப் பாருங்கள். அங்கேயே ஆடினால் கண்ணுக்கு ஸ்லீவ் போட வேண்டும். புஷ் மட்டும் மாற்றிப் பயனில்லை. புஷ் ஓட்டை கிரீஸ் நிப்பிள் ஓட்டைக்கு நேராக வர வேண்டும். தவறினால் கிரீஸ் உள்ளே போகாமல் சில மாதத்தில் கிங் பின் அரித்துவிடும். மேல், கீழ் இரண்டு புஷ்ஷையும் ஒரே நீள ரீமரில் ஒரு சேரக் கடைய வேண்டும். த்ரஸ்ட் பேரிங்கின் (பளு தாங்கும் பேரிங்) மூடிய பக்கம் மேலே. ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்ட பிறகு ஃபீலர் கேஜில் 0.1 முதல் 0.2 மி.மீ. இடைவெளி இருந்து, ஸ்டப் ஆக்சிலைக் கையால் தள்ளினால் தட்டாமல் திரும்ப வேண்டும்.

வண்டியைக் காட்ட வரும்போது டயரை மாற்றிப் போட்டுக்கொண்டு வராதீர்கள், காற்றும் ஓடிய அளவிலேயே இருக்கட்டும். தேய்ந்த டயர் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் ஜாக்கியை எடுப்போம். காலை நேரத்தில் வந்தால் ஓட்டிப் பார்க்க வசதி.

இப்படிக்கு,
பட்டறையும் உதிரிபாகக் கவுண்ட்டரும்