ரோமாபுரிச் சீட்டில் உங்கள் பெயர் சரியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூன் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து இத்தாலி செல்லும் குடும்பங்கள் விமானச்சீட்டையும் ஹோட்டலையும் மாதக்கணக்கில் முன்னதாகவே எடுத்துவிடுகின்றன. ரோமின் பழைய பேரரங்கமான கொலோசியத்துக்கான சீட்டை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றன. வாசலில் ஏமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

அதிகாரபூர்வ இணையத்தளத்தில் சாதாரணச் சீட்டு, செல்லும் நாளுக்கு 30 நாள் முன்புதான் விற்பனைக்கு வருகிறது. நேரக் கணக்குக்கு, ரோமில் காலை 9 மணி என்றால் சிங்கப்பூரில் நமக்கு ஜூனில் பிற்பகல் 3, டிசம்பரில் 4. சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும்; வாசலில் கடப்பிதழைக் கேட்பார்கள். நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இது. இன்னாரின் மகன், மகள் என்று குறிக்கும் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்பதில் வரும் சாய்கோட்டை ஏற்காத படிவங்கள் உண்டு. அந்தச் சாய்கோட்டை நீக்கிவிட்டு, சொந்தப் பெயரை முதற்பெயர்க் கட்டத்திலும் தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும், கடப்பிதழில் உள்ள எழுத்துகள் மாறாமல் இடுவது நல்லது. வீட்டில் கூப்பிடும் பெயரோ வெறும் முன்னெழுத்தோ வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் அவர்கள் பெயரிலும் சீட்டு எடுத்தாக வேண்டும்.

கொலோசியத்தை அடுத்துள்ள, பழைய ரோமின் மையச் சதுக்கமான ஃபோரமும் அதையொட்டிய பாலத்தைன் குன்றும் அதே சீட்டில் அடங்கும். நுழைவு நேரம் குறித்திருப்பது கொலோசியத்துக்கு மட்டுமே. ஃபோரத்துக்குள் ஒருமுறைதான் போகலாம், சாப்பிட வெளியே வந்தால் அவ்வளவுதான். குழுப் பயணத்தில் போகிறவர்கள், கொலோசியத்தின் 'உள்ளே நுழைவு' என்று நிகழ்ச்சிநிரலில் எழுத்தில் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் பாருங்கள். வெளியே நின்று படம் எடுத்ததும் பேருந்தில் ஏறச் சொல்லும் திட்டங்கள் நிறைய.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் முழு நாள் ஒதுக்க முடியும் என்றால், கொலோசியத்தைவிடப் பொம்பெயியைத்தான் சொல்வேன். ரோமுக்குத் தெற்கே, நேப்பிள்ஸ் நகருக்கு அருகில், கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய ஊர் அது. தேநீர்க்கடைபோல் தெருமுனைதோறும் சாப்பாட்டுக்கடை, கல் மேடையில் பதித்த பெரிய ஜாடிகள், பாதையில் வண்டிச் சக்கரம் அரைத்த பள்ளம், தெருவைத் தாண்ட நடுவே உயர்ந்து நிற்கும் கற்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்தக் கற்களால் தள்ளுவண்டி அங்கே உதவாது. கைக்குழந்தையைச் சுமந்துதான் செல்ல வேண்டும். முழங்கால் வலியுள்ள மூத்தோர், ஆம்ஃபிதியேட்டர் சதுக்க வாசலில் தொடங்கும் தடையில்லாப் பாதையைப் பிடிக்கலாம். 30×30×15 செ.மீ.க்கு மேற்பட்ட பையை உள்ளே விடமாட்டார்கள். 2024 நவம்பர் முதல் நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, இங்கும் பெயரிட்ட சீட்டே தருகிறார்கள். வெயில் நமக்குப் பழகியதுதானே என்று போகாதீர்கள். கூரையிட்ட நடைபாதையெல்லாம் அங்கே கிடையாது. தொப்பியும் காலித் தண்ணீர்ப் புட்டியும் கட்டாயம். புட்டியை உள்ளே உள்ள குழாய்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

நேப்பிள்ஸ் கரிபால்டி நிலையத்திலிருந்து சொரெந்தோ செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறி, 'பொம்பெயி ஸ்காவி' நிலையத்தில் இறங்குங்கள். 40 நிமிடம்கூட ஆகாது. பொம்பெயி என்ற பெயரோடு வேறு நிலையங்களும் உண்டு. அவற்றில் இறங்கிவிட்டு வெயிலில் நடப்பவர்கள் ஏராளம்.

பொம்பெயியின் சிறந்த ஓவியங்களும் தரைச்சித்திரங்களும் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில்தான் இருக்கின்றன. 1938இல் பொம்பெயி வீடொன்றில் கிடைத்த, சுமார் ஒரு சாண் உயரத் தந்தச் சிலையும் அந்த அருங்காட்சியகத்துக்கு உரியது. லட்சுமி என்று பெயர் பெற்ற அந்தப் பெண் உருவம் இந்தியாவில் செதுக்கியது. நம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் திரும்பக் கூடாது.

நேப்பிள்ஸ்வரை போக நேரமில்லாதவர்களுக்கு ஒஸ்தியா அந்திக்கா இருக்கிறது. ரோமின் பழைய துறைமுக நகரம். பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோவில் புறப்படும் ரயிலுக்குச் சாதாரண நகரச் சீட்டே போதும்; அரை மணி நேரப் பயணம். அங்குள்ள பழைய நாடக அரங்கத்தின் பின்னால் உள்ள சதுக்கத்தில் கப்பல் வணிகர்களின் அலுவலகங்கள் வரிசையாக இருந்தன. கப்பல், கலங்கரை விளக்கம், யானை என்று அவரவர் தொழில் அடையாளத்தைக் கறுப்பு வெள்ளைக் கற்களால் வாசலிலேயே பதித்திருக்கிறார்கள். பண்டைத் தமிழகத்தின் முசிறித் துறையிலிருந்து ரோமுக்குப் போன மிளகைப் பற்றிப் படித்தவர்கள் அங்கிருந்து லேசில் நகரமாட்டார்கள்.

ஒஸ்தியா திங்களன்றும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகம் செவ்வாயன்றும் மூடியிருக்கும். கொலோசியத்தை அந்த இரு நாளில் ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், உட்லண்ட்ஸ்