டெபியன் 13க்கு மாறினால் பழைய திரை போய்விடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததை நாளிதழ்கள் விரிவாகவே எழுதின. லினக்ஸுக்கும் இப்படிக் கெடு உண்டு என்பதுதான் எழுதப்படுவதில்லை. டெபியனும் உபுண்டுவும் லினக்ஸின் இரண்டு வகைகள். டெபியன் 12க்கு முழு ஆதரவு 2026 ஜூன் வரை. பிறகு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு மட்டும். உபுண்டு 22.04இல் ஒரு கண்ணி இருக்கிறது. ஐந்தாண்டு ஆதரவு என்பது அதன் அடித்தளத்துக்கு. சுபுண்டு, உபுண்டு மேட் போன்ற வகைகளின் டெஸ்க்டாப்புக்கு மூன்றே ஆண்டு. அது 2025 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது.

தெரிந்தும் தள்ளிப்போடுகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அப்கிரேட் பண்ணினா ஸ்க்ரீனே மாறிடும்." 2011 ஏப்ரலில் க்னோம் 3 என்ற டெஸ்க்டாப் வந்தபோது பழகிய மெனுவும் பேனலும் காணாமல் போனது உண்மை. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் மேட் டெஸ்க்டாப். (தென்னமெரிக்க மூலிகைத் தேநீரின் பெயர் அது, 'மாத்தே' என்பதே சரி, யார் சொல்கிறார்கள்!) ஆனால் டெபியன் 12இல் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப் வைத்திருப்பவருக்கு அந்தப் பயம் வேண்டாம். டெபியன் 13க்கு மாறும்போது அதன் 4.18 பதிப்பு போய் 4.20 வரும்; பேனல் இருந்த இடத்திலேயே இருக்கும். பேனல் அமைப்பு, குறுக்கு விசைகள் எல்லாம் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் '.கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் இருக்கின்றன. அப்கிரேட் ஹோம் ஃபோல்டரைத் தொடுவதில்லை.

அப்படியிருந்தும் சிலருக்கு டெஸ்க்டாப் காணாமல் போகிறது. பெரும்பாலும் காரணம் பழைய கை வேலை. 'எக்ஸ்எஃப்சிஇ4' என்ற பேக்கேஜ் வெறும் கட்டுக்கயிறு. பேனல், செஷன், கோப்பு மேலாளரான துனார் ஆகியவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது. பிடிக்கவில்லை என்று துனாரை எப்போதோ நீக்கியிருந்தால் கயிறும் கூடவே போயிருக்கும். மீதித் துண்டுகள் 'தானாக வந்தவை' என்ற கணக்கில் நிற்கும். கடைசியில், தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் 'ஆட்டோரிமூவ்' கொடுக்கும்போது குப்பையென்று அள்ளப்படலாம். முன்கூட்டியே 'ஆப்ட்-மார்க் மேனுவல்' கட்டளையில் எக்ஸ்எஃப்சிஇ4-பேனல், எக்ஸ்எஃப்சிஇ4-செஷன், எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 (ஜன்னல்களைக் கையாள்வது), லைட்டிஎம் (லாகின் திரை) நான்கையும் குறித்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

டெபியன் 11இல் இருப்பவர்கள் நேராக 13க்குத் தாவக் கூடாது, 12 வழியாகத்தான் வர வேண்டும். 12ஐ முழுதாகப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். '.கான்ஃபிக்' ஃபோல்டரை டார் என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டிப் பென் டிரைவில் வையுங்கள். அப்படியே இழுத்துப் போட்டால், பென் டிரைவ்களில் வழக்கமான ஃபேட் அமைப்பில் கோப்புகளின் உரிமைகள் தங்காது. கணினியைத் தொடங்கும் கோப்புகள் இருக்கும் பூட் தனிப் பகுதியாக இருந்தால் 768 எம்பி அளவும், அதில் 300 எம்பி காலியும் வேண்டும். முதன்மைப் பகுதியான ரூட்டில் ஐந்து ஜிபியாவது காலியாக இருந்தால் நிம்மதி. பேக்கேஜ்கள் வரும் இடங்களைச் சொல்லும் சோர்சஸ் பட்டியலில், டெபியன் அல்லாத வெளி ரெப்போக்களின் வரிகளை மூடிவிட்டு, 'புக்வோர்ம்' (12இன் பெயர்) என்று வரும் இடங்களையெல்லாம் 'டிரிக்ஸி' (13இன் பெயர்) ஆக்குங்கள்.

அடுத்த வேலையை டெஸ்க்டாப்புக்குள் இருக்கும் டெர்மினலில் செய்யாதீர்கள். நடுவில் திரை பூட்டிக்கொண்டாலோ லைட்டிஎம் மறுபடி தொடங்கினாலோ அப்கிரேடும் கூடவே அறுந்துவிடும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், 'ஆப்ட் அப்டேட்' முடித்து, 'ஆப்ட் அப்கிரேட்' கட்டளையை 'வித்தவுட்-நியூ-பிகேஜிஎஸ்' விருப்பத்தோடு ஓட்டி, பிறகே 'ஃபுல்-அப்கிரேட்'. அது 'ஒய்' கேட்கும்போது உடனே தட்டிவிடாமல், நீக்கப்படும் பேக்கேஜ்களின் பட்டியலைப் படியுங்கள். மேலே சொன்ன நான்கில் ஒன்று அதில் இருந்தால் 'என்' அழுத்தி வெளியேறி, எந்த வெளிப் பேக்கேஜ் முட்டுகிறது என்று தேடுங்கள். நடுவில் கரண்ட் போய்விட்டால் பதற வேண்டாம். 'டிபிகேஜி' கட்டளையை 'கான்ஃபிகர்', 'ஏ' விருப்பங்களோடு ஓட்டினால் பாதியில் நின்ற பேக்கேஜ்கள் முடியும்; பிறகு 'ஃபுல்-அப்கிரேட்' மறுபடி கொடுத்தால் மீதி தொடரும்.

அதிகம் மிரட்டுவது லாகின் சுழல்தான். பாஸ்வேர்டு சரி, திரை ஒருமுறை கறுக்கும், மறுபடி அதே லாகின் திரை. உடனே டெஸ்க்டாப்பை மறுபடி நிறுவச் சொல்வார்கள், தேவையே இல்லை. எழுத்துத் திரையில், வட்டில் உள்ள இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' கொடுத்தால் பல நேரம் வட்டு நூறு சதவீதம் நிரம்பியிருப்பது தெரியும். இறக்கிய பேக்கேஜ்கள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, லாகினுக்குத் தேவையான '.எக்ஸ்அத்தாரிட்டி' கோப்பை எழுத இடமில்லாமல் செஷன் திரும்பிவிடுகிறது. 'ஆப்ட் கிளீன்' போதும். இடம் இருந்தும் சுற்றினால் அந்தக் கோப்பு ரூட்டின் பெயரில் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அழித்தால் புதிதாகத் தானே உருவாகும்.

தமிழ்99 விசைப்பலகை வேலை செய்யாவிட்டால், தட்டச்சுக்கான ஐபஸும் ஐபஸ்-எம்17என்-னும் இருக்கின்றனவா என்று பார்த்து, 'இம்-கான்ஃபிக்' மூலம் ஐபஸைத் தேர்ந்து வெளியேறி உள்ளே வாருங்கள். இன்னொரு மாற்றம் கண்ணில் படாது: டெபியன் 13இல் தற்காலிகக் கோப்புகளுக்கான 'டெம்ப்' ஃபோல்டர் ரேமில் இருக்கிறது, பாதி ரேம் வரை எடுத்துக்கொள்ளும். 2 ஜிபி கணினியில் பெரிய ஸ்கேன் கோப்புகளை அங்கே போட்டால் வேகம் குறையும். அணைத்தால் கோப்புகளும் போய்விடும்.

32-பிட் நிறுவலில் இருப்பவர்கள் மட்டும் இந்த வழியில் போக முடியாது. டெபியன் 13இல் 32-பிட் பிசிக்கான கெர்னலோ (லினக்ஸின் மையப்பகுதி) நிறுவியோ கிடையாது. 'டிபிகேஜி' கட்டளையை 'பிரின்ட்-ஆர்க்கிடெக்சர்' விருப்பத்தோடு கொடுத்து 'ஐ386' என்று வந்தால், 'எல்எஸ்சிபியு'வில் 64-பிட் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் புதிதாக 64-பிட் நிறுவி, அதே யூசர் பெயர் கொடுத்து, டார் கோப்பை எழுத்துத் திரையிலேயே விரியுங்கள். டெஸ்க்டாப் ஓடும்போது விரித்தால், நினைவில் இருக்கும் அமைப்புகள் அதன் மேலேயே எழுதிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி