நகாட்டா வீடியோவுக்குக் கீழே ஒரே ஒரு வரி எழுதுங்கள்

கால்பந்து ரீல்ஸ் பக்கங்களை நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். எந்த வீடியோவைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மைதானத்தின் நடுவட்டத்தில் மல்லாந்து கிடக்கிறார் ஜப்பானின் நடுக்கள ஆட்டக்காரர் ஹிடெடோஷி நகாட்டா. அதற்குச் சிரிப்புச் சத்தம் சேர்த்து, ‘தோற்றதும் எழுந்திருக்க மனமில்லாத ஜப்பான்காரர்’ என்று போன வாரம் உங்களில் ஒருவர் போட்டார். மற்றவர்கள் வரிசையாக எடுத்துப் போட்டீர்கள்.

நான் மாலை நேரத்தில் பையன்களுக்குப் பந்து பழக்குகிறவன். நடுக்களத்தில் ஆடுகிறவன் தலை நிமிர்ந்து ஆட வேண்டும் என்பதற்கு எப்போதும் நகாட்டாவைத்தான் காட்டுவேன். சனிக்கிழமை அவர் பெயரை எடுத்ததும் சிரித்தார்கள். “அந்தப் படுத்துக் கிடந்த ஆளா சார்?” என்றான் ஒருவன். பன்னிரண்டு வயது. அவன்மேல் என்ன தப்பு? அவன் பார்த்தது இருபது வினாடி. பயிற்சியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து முழுக்கதையையும் சொன்னேன். “அப்படின்னா அதை ஏன் சார் வீடியோவில் போடலை?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

அது 2006 ஜூன் 22, ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரம். உலகக் கோப்பையில் பிரேசிலிடம் 4-1 என்று தோற்று ஜப்பான் வெளியேறிய ஆட்டம். ஓய்வு பெறுவதென்று ஆறு மாதம் முன்பே முடிவெடுத்து மனதுக்குள் வைத்திருந்தார் நகாட்டா. அரங்கில் கத்திக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அது தெரியாது. தன் கடைசி ஆட்டம் முடிந்த புல்லின் மேல்தான் அவர் கிடந்தார். வயது 29. ஜூலை 3 அன்று தன் இணையதளத்தில் எழுதித்தான் ஓய்வை அறிவித்தார். பத்திரிகைக்காரர்களை நம்பாமல், ரசிகர்களிடம் நேராகப் பேச 1998-லேயே அந்தத் தளத்தைத் தொடங்கியவர். தன் பேச்சு தன் வார்த்தையிலேயே போய்ச் சேர வேண்டும் என்று அவ்வளவு பாடுபட்டவரின் கடைசி நாளுக்கு நீங்கள் சிரிப்பொலி சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு ஆறவே இல்லை.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. எந்த ஆண்டு, எந்த ஆட்டம், அன்று என்ன நடந்தது. அவ்வளவுதான்.

இது அவர் ஒருவரோடும் நிற்கவில்லை. ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்காக மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக இன்னொரு ஜப்பான் வீரர் ஷுன்சுகே நகாமுரா அடித்த ஃப்ரீ கிக்குக்கும் நகாட்டா பெயரைப் போடுகிறீர்கள். அந்த கோல் 2006 நவம்பரில் விழுந்தது. நகாட்டா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டு அதற்கும் லைக் வாங்குகிறீர்கள். யார், எங்கே, எப்போது என்று பார்க்க ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காதா?

சரி, கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். நகாட்டாவைப் போடாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. நிறையப் போடுங்கள். 1998-ல் பெருஜியாவுக்காக இத்தாலிய லீகில் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே யுவென்டஸ் மீது இரண்டு கோல் அடித்தாரே, அதைப் போடுங்கள். 2001 மே மாதம் அதே யுவென்டஸிடம், அப்போது அவர் ஆடிய ரோமா அணி 0-2 என்று பின்தங்கியிருந்தபோது, சக வீரர் டோட்டிக்குப் பதிலாக உள்ளே வந்து, தூரத்திலிருந்து ஒன்றை அடித்தாரே, அதையும் போடுங்கள். கடைசியில் அவர் உதைத்த பந்தைக் கோல்கீப்பர் தட்டிவிட, ரோமாவின் மொன்டெல்லா உள்ளே தள்ளினார். 2-2. அந்த ஆண்டு இத்தாலிய லீகில் ரோமாதான் சாம்பியன்.

டார்ட்மண்ட் வீடியோவையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிரிப்புச் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு, கீழே அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். வரும் சனிக்கிழமைக்குள் செய்தால் பையன்களிடம் காட்டுவேன்.

அன்புடன்,
பந்து பழக்கும் ஒருவன்