பருப்பை நிறுத்தினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

செம்பனைக் குலை வெட்டும் என் தம்பி, கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்கிறான். கௌட் என்கிறார்கள், யூரிக் அமிலம் மிகுந்து மூட்டில் படிவதால் வரும் வாதம். அவன் இரத்தத்தில் அந்த அமிலம் லிட்டருக்கு 540 மைக்ரோமோல். 360-க்குக் கீழே இறங்க வேண்டுமாம். அமிலத்தைக் கூட்டும் என்று வீட்டில் உடனே பருப்பையும் கீரையையும் நிறுத்திவிட்டார்கள். டின் பால் ஊற்றிய தே தாரிக்கைப் பற்றியோ, சீனி கலந்த டின் பானத்தைப் பற்றியோ யாரும் வாய் திறக்கவில்லை!

இன்சுலினுக்கு உடல் சரிவரக் கட்டுப்படாதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின், சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதைக் குறைத்துவிடுகிறது. சீனியிலுள்ள ஃபுருக்டோஸ் என்ற சர்க்கரை கல்லீரலில் உடையும்போதும் இதே அமிலம் உருவாகிறது. அதனால் கௌட் வந்தவர்கள் இனிப்புநீர்ச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். எங்கள் வட்டாரத் தோட்டங்களில் மருத்துவ முகாம் நடத்துவோர் இரண்டையும் ஒன்றாகவே பார்க்க வேண்டும்.

முன்னாள் பால்மரத் தொழிலாளி,
சுங்கை சிப்புட்