மலைக்கென்று விற்ற வண்டி: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
புளி வியாபாரி,
தருமபுரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

நாள்: 20.01.2025

பொருள்: நான்கு சக்கர இழுவை டீசல் வண்டியின் பின் கப்ளிங் (பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுசேர்க்கும் பாகம்) எரிந்தது, வாரண்டி இரண்டு முறை மறுக்கப்பட்டது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2022 மார்ச்சில் உங்கள் சின்ன டீசல் எஸ்யூவியை வாங்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கிற மாடல், 6 கியர் மேனுவல். அதற்காகவே இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற மாடலைவிட ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தேன். ஆடம்பரத்துக்கு அல்ல. எனக்குப் புளியமரக் குத்தகைதான் தொழில். மாசி, பங்குனியில்தான் உலுக்குவோம் என்றாலும், காய்ப்பைப் பார்த்து மரத்துக்கு விலை பேசுவது ஐப்பசி, கார்த்திகையிலேயே நடந்துவிடும். அதாவது சரியாக அடைமழைக் காலத்தில். சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் தார் ரோடு முடிந்த இடத்திலிருந்துதான் என் வேலை ஆரம்பிக்கும். முன்பு வைத்திருந்த வண்டி செம்மண் ஏற்றத்தில் முன்சக்கரம் சுழன்று நின்றுவிடும். மரத்துக்காரரே ஆள் கூட்டி வந்து தள்ளிவிடுவார். வண்டியைத் தள்ளிவிட்டவரிடம் போய் எந்த முகத்தோடு விலையைக் குறைத்துக் கேட்பது?

முதல் இரண்டரை வருடம் உங்கள் வண்டியைப் பற்றி நான் பேசியதெல்லாம் நல்ல வார்த்தை. அதையும் எழுதிவிடுகிறேன், குறை சொல்லவே பிறந்தவன் என்று நினைத்துவிடக் கூடாது. வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரில் திரும்பினால் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கீழே எஞ்சின் தூங்கும். டர்போ விழிக்கும்வரை பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். முதல் கியருக்கு இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். பழகிவிட்டது. 2000 தாண்டினால் இழுவை அருமை. குழியில் பின்பக்கம் தூக்கிப் போடாது. உயரமான வண்டி என்றாலும் வளைவில் சாய்வது பயமுறுத்தும்படி இல்லை. மழையில் நனைந்த தாரில் வளைவிலிருந்து வெளியே வரும்போது பின்சக்கரமும் சேர்ந்து தள்ளுவது முதுகில் தெரியும். அந்த உணர்வுக்காகத்தான் காசு கொடுத்தேன்.

தொப்பூர்க் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது மூன்றாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வரும் லாரிகளைப் பார்த்தவன் நான். நான்கு சக்கர இழுவை ஏறுவதற்குத்தான் உதவும், நிறுத்துவதற்கு உதவாது என்பதும் எனக்குத் தெரியும். கண்ட இடத்தில் லாக் போட்டு, அதாவது நான்கு சக்கரமும் சேர்ந்தே இழுக்கும்படி பூட்டி, ஓட்டுகிற ஆள் நான் இல்லை. காய்ந்த ரோட்டில் குமிழ் எப்போதும், தேவைப்பட்டால் மட்டும் பின்சக்கரம் சேரும் ஆட்டோவில்தான் இருக்கும். சேற்றில் மட்டும் லாக். ஏறி முடித்ததும் மறுபடி ஆட்டோ. உங்கள் கையேட்டில் சொன்னபடிதான்.

இனி பிரச்சினை.

2024 ஆகஸ்டில் 42,000 கி.மீ. சர்வீஸுக்கு உங்கள் முகவரின் பணிமனையில் விட்டேன். முன் டயர் இரண்டும் ஓரம் தேய்ந்திருக்கிறது, மாற்றிவிடலாம், பின் டயர் இன்னும் பத்தாயிரம் ஓடும் என்றார் சர்வீஸ் அட்வைசர். “நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாச்சே தம்பி, ரெண்டு மட்டும் மாத்தலாமா?” என்று கேட்டேன். “சாதாரணமா முன்சக்கரம்தான் சார் இழுக்குது, ஒண்ணும் ஆகாது” என்றார். மாற்றினார்கள். பின்னால் பழைய கம்பெனி டயர், முன்னால் வேறு கம்பெனி டயர். பில்லில் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது வாரமே சத்தம் ஆரம்பித்தது. மண்டிக்குள் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னாலிருந்து பழைய கட்டில் முனகுவதுபோல ஒரு முனகல், கூடவே ஒரு வெட்டு. செப்டம்பரில் கொண்டுபோய்க் காட்டினேன். புகைக்குழாய் வடிகட்டியில் கரி அடைத்திருக்கும், ஹைவேயில் நல்ல வேகத்தில் ஒரு ஓட்டம் ஓட்டினால் எரிந்துவிடும் என்றார்கள். டவுனுக்குள்ளேயே ஓடும் டீசல் வண்டிக்கு அது சரியான யோசனைதான். ஆனால் என் வண்டியில் வடிகட்டி விளக்கே எரியவில்லை. நான் சொன்னது திருப்பத்தில் வரும் சத்தத்தை. இருந்தாலும் பெரியவர்கள் சொன்னால் கேட்கத்தானே வேண்டும்? பாளையம் டோல்கேட் வரை போய் வந்தேன். டோல் காசு போனது, முனகல் போகவில்லை.

நவம்பர் 17 ஞாயிறு, சித்தேரி மலையில் ஒரு தோப்புக்கு ஏறும் செம்மண் ஏற்றம். முந்தின இரவு மழை. லாக் போட்டு முதல் கியரில் ஏறினேன். பாதியில், பின்சக்கர இழுவை அதிகச் சூடு என்று திரையில் எச்சரிக்கை வந்தது. அடுத்த நொடி பின்சக்கரம் கைவிட்டது. முன்சக்கரம் சுழல, வண்டி ஆறடி தூரம் பின்னால் வழுக்கியது. பக்கத்தில் என் மனைவி இருந்தாள். பள்ளத்துப் பக்கம் ஒரு புளியமரம்தான் தடுப்பு. மரத்துக்காரர் டிராக்டர் கொண்டு வந்து இழுத்தார், 1,500 ரூபாய் கொடுத்தேன். அந்தத் தோப்பின் குத்தகையை அவர் சொன்ன விலைக்கே எடுத்துக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன் எதைத் தவிர்க்க உங்களிடம் வந்தேனோ, அதே இடத்தில் மறுபடி நின்றேன்.

18-ஆம் தேதி வண்டியைக் கட்டி இழுத்துப் பணிமனையில் விட்டேன். ஜாப் கார்டில் (பணிமனை தந்த வேலைச் சீட்டில்) அந்தத் தேதியும் 46,310 கி.மீ. என்றும் எழுதியிருக்கிறது. கப்ளிங் எரிந்துவிட்டது, மாற்ற 1,86,400 ரூபாய் ஆகும் என்று எஸ்டிமேட் தந்தார்கள்.

எரிந்ததற்குக் காரணத்தை எனக்குச் சொன்னது உங்கள் பணிமனை அல்ல, எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைத் தம்பி. வண்டியை விடுவதற்கு முன் அவர்தான் அளவுகோல் வைத்து டயர் பட்டனின் (மேற்பரப்பு வெட்டுகளின்) ஆழத்தை அளந்தார். முன்னால் 7 மி.மீ., பின்னால் இரண்டரை. “அண்ணா, பின் டயர் சின்னதாயிடுச்சு, அது ஒரு கணக்கு சுத்தும், முன்னாடி ஒரு கணக்கு சுத்தும், நடுவுல இருக்கிறது என்ன பண்ணும்?” என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த 17 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.16 மீட்டர் ஓடும். ஆரம் நாலரை மி.மீ. குறைந்தால் கிலோமீட்டருக்குச் சுமார் ஆறு சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இங்கிருந்து அரூர் 40 கி.மீ.; போய்ச் சேர்வதற்குள் பின்சக்கரம் 240 சுற்று அதிகம். அந்த வித்தியாசத்தைத் தாங்குவது பின் டிஃபரென்ஷியலுக்கு முன்னால் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் பல தட்டுக் கிளட்ச், அதாவது அந்தக் கப்ளிங். சக்கர சென்சார்கள் முன்னுக்கும் பின்னுக்கும் வேகம் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும். கம்ப்யூட்டர் ஏதோ சறுக்குகிறது என்று நினைத்துத் தட்டுகளை அழுத்தும். தட்டு தேயும், எண்ணெய் சூடேறும். மூன்று மாதம் இப்படி ஓடியிருக்கிறது. இதற்காகத்தான் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே வகை, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும் என்று உங்கள் கையேட்டில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை வண்டி வாங்கியவன் படித்திருக்கிறேன். வண்டியைப் பழுது பார்ப்பவர் படிக்கவில்லை.

நவம்பர் 25-இல் முதல் மறுப்பு வந்தது. ரோடு இல்லாத இடத்தில் முறைகேடாகப் பயன்படுத்தியதால் வாரண்டி கிடையாதாம். உங்கள் விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் இதே வண்டி ஓடைக்குள் தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டு போகிறது. அதைக் காட்டித்தான் எனக்கு விற்றார்கள். மலைக்கென்று விற்றுவிட்டு, மலைக்கு ஏன் ஓட்டினாய் என்கிறீர்கள்.

ஆட்சேபித்து எழுதினேன். டிசம்பர் 12-இல் இரண்டாவது மறுப்பு. இந்த முறை காரணமே வேறு: வெள்ளநீர் புகுந்ததால் கப்ளிங் பாதிப்பு. இதைப் படித்துவிட்டு நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டேன். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு. டிசம்பர் 2 காலையில் முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை, அங்கே ரோட்டோரம் நின்ற வண்டிகள் அடித்துப் போனதை ஊரே பார்த்தது. அந்த இரண்டு நாளும் என் வண்டி எங்கே நின்றது? உங்கள் பணிமனையில், உங்கள் ஜாப் கார்டின் கீழே, இரண்டு வாரமாக. தண்ணீர் புகுந்தது உண்மையென்றால் உங்கள் கூரைக்கு அடியில்தான் புகுந்திருக்க வேண்டும். அப்படியானால் எனக்கு இன்னொரு புகாரும் இருக்கிறது.

பழுது வந்தபோதும், மறுத்தபோதும், இதை எழுதும் இன்றும் மூன்று வருட வாரண்டி முடியவில்லை. ஆகவே நான் கேட்பது: கப்ளிங்கைச் செலவில்லாமல் மாற்றித் தர வேண்டும், நான்கு டயரும் ஒரே வகையில், ஒரே தேய்மானத்தில் இருக்கும்படி சரிசெய்ய வேண்டும், அது உங்கள் ஆள் செய்த வேலை, இழுத்து வந்த செலவும் டிராக்டர் வாடகையும் தர வேண்டும். இரண்டு மறுப்பில் எது உங்கள் நிறுவனத்தின் நிலைப்பாடு என்று கையெழுத்தோடு எழுதித் தர வேண்டும். குத்தகை விலையில் எனக்கு ஏற்பட்ட நட்டத்தை இப்போதைக்கு நான் கேட்கவில்லை.

15 நாளில் பதில் வராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்டக் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கும் இடத்திலேயே மனுச் செய்ய அந்தச் சட்டம் இடம் தருகிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன். சண்டைக்கு ஆசையில்லை. மாசி பிறந்தால் உலுக்கு ஆரம்பம். மலைக்குப் போக இப்போது ஜீப் வாடகைக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இணைப்பு: ஆகஸ்ட் டயர் பில், செப்டம்பர் சர்வீஸ் சீட்டு, நவம்பர் 18 ஜாப் கார்டு, எஸ்டிமேட், இரண்டு மறுப்புக் கடிதங்கள், பட்டன் அளந்த படங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாகன உரிமையாளர்

பி.கு.: வண்டியின் பின்பெட்டியில் கொட்டை எடுத்த புளி இரண்டு சாக்கு நவம்பரிலிருந்து இருக்கிறது, மொத்தம் 38 கிலோ. வண்டியைத் திருப்பித் தரும்போது எடை போட்டுத்தான் வாங்குவேன் என்று பணிமனையில் சொல்லிவிடுங்கள்.