ஸ்பூல்களைச் சுழலவைத்த கைகளுக்கு நன்றி

அன்பிற்குரிய நிலையத்துச் சொந்தங்களுக்கு,

முன்னாள் வானொலி ஊழியர்களின் சந்திப்பும் பழைய கருவிகளின் கண்காட்சியும் நல்லபடியாக நடந்து முடிந்தன. வந்தவர்கள் பலரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினீர்கள். அந்தப் பாராட்டு யார் யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களை எல்லோரும் அறியும்படி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி பொறியியல் பிரிவு அண்ணன்மார் இருவருக்கு. தூசி படிந்து கிடந்த ஸ்டூடர் ஏ80 டேப் மெஷினில் கெப்பாசிட்டர்கள் வற்றிப்போயிருந்தன, நாடாவை அழுத்தி ஓட்டும் பிஞ்ச் ரோலரின் ரப்பர் இறுகிப்போயிருந்தது. எல்லாவற்றையும் மாற்றி, நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டுகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, காந்தம் நீக்கி ஓடவைத்தார்கள். அதோடு விடவில்லை. நாடாவுக்கு ஹெட் மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். மயிரிழை சாய்ந்தாலும் குரலின் கூர்மை மழுங்கிவிடும். நாடா சுற்றிய ஒவ்வொரு ஸ்பூலுக்கும் மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும் திருகாணியைத் திருப்பினார். செய்தி வாசிப்பவரின் ‘ஸ்’ ஓசை பளிச்சென்று வந்ததும் கையை எடுத்தார். அந்தக் காதுக்கு ஈடான மீட்டரை நான் பார்த்ததில்லை.

அடுத்து, ஒலிநாடா நூலகத்து அக்கா. பழைய நாடாக்கள் சிலவற்றில் காந்தப் பூச்சைப் பிடித்துவைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் கிறீச்சிடும், பூச்சே உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அவற்றை 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுத்தால் சில வாரங்களுக்கு நன்றாக ஓடும். ஆனால் அதற்கும் முந்தைய அசிடேட் நாடாக்களைச் சூடாக்கவே கூடாது. அக்கா ஒவ்வொரு ஸ்பூலாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒளி ஊடுருவினால் அசிடேட் என்று தனியே எடுத்துவைத்தார். அவர் இல்லையென்றால் சில குரல்களை நம் கையாலேயே அழித்திருப்போம். சூடேற்றும் அடுப்பைத் தந்து இரவெல்லாம் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வுக்கூட நண்பருக்கும் நன்றி.

பிளேடால் எடிட் செய்து காட்டிய அம்மாவைச் சுற்றித்தான் இளைஞர் கூட்டம். இரண்டு ஸ்பூல்களையும் கையால் முன்னும் பின்னும் உருட்டினார், குரல் உறுமியது. சொல் தொடங்கும் இடம் ஹெட்டின் மேல் வந்ததும் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு. நாடாவைப் பள்ளக்கட்டையில் படுக்கவைத்து, இணைப்பில் ‘டக்’ என்று கேட்காதபடி 45 டிகிரி சாய்வாக ஒரு வெட்டு. பின்பக்கம் ஒட்டுநாடா, அதன்மேல் நகத்தால் ஒரு தேய்ப்பு. நொடிக்கு 38 செ.மீ. ஓடும் நாடாவில் பேசுபவரின் மூச்சொலி நொடியில் பத்தில் ஒரு பங்கு என்றால் ஏறக்குறைய 4 செ.மீ. துண்டு. வெட்டிய மூச்சை அவர் விரலில் தொங்கவிட்டுக் காட்டியபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இன்று திரையில் அலையைப் பார்த்து வெட்டுகிறோம். வேகம் கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காதால் தேடி வெட்டிய வேலைதான் எங்களுக்குக் கேட்கக் கற்றுக்கொடுத்தது என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

விளம்பரம் போன்ற சிறு ஒலித்துண்டுகளை ஓட்டும் கார்ட்ரிட்ஜ் மெஷினையும் ஒலியளவைக் காட்டும் வியூ (VU) மீட்டர்களையும் பத்திரமாகச் சுமந்து வந்த அறிவிப்பாளர் தம்பிகளுக்கும் நன்றி.

மறைந்த நம் நாடகத் தயாரிப்பாளரின் குடும்பத்தாருக்கு என்ன சொல்வது? அவர் வைத்திருந்த பெட்டிகளை அப்படியே எங்களிடம் ஒப்படைத்தீர்கள். ஒவ்வொன்றின் மேலும் தொடக்கச் சொல், முடிவுச் சொல், கால அளவு எல்லாம் அவர் கையெழுத்தில். நாடாக்களைக் கடைசி முனை வெளியே இருக்கும்படி சுற்றிவைத்திருந்தார். ஒரு சுற்றிலுள்ள ஒலி அடுத்த சுற்றில் மெலிதாகப் படியும் என்பதால்தான் அந்த ஏற்பாடு. அப்படி வைத்தால் அந்த நிழல் பெரும்பாலும் வசனத்துக்குப் பின்னால் விழுந்து, எதிரொலிபோல் கலந்துவிடும். அவருடைய நாடகங்களில் வசனத்துக்கு முந்தைய அமைதி இன்னும் சுத்தமாக இருக்கிறது. அவற்றையெல்லாம் கணினியில் ஏற்றி முதல் பிரதியை உங்களிடமே தருவோம்.

இன்னும் ஏற்ற வேண்டிய பெரிய ஸ்பூல்கள் நிறைய இருக்கின்றன. பத்தரை அங்குல ஸ்பூலை மாட்டும் நாப் (NAB) அடாப்டர் ஒரு ஜோடி யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து கொடுத்து உதவுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

நன்றியுடன்,
சந்திப்புக் குழுவின் சார்பில்,
முன்னாள் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்