கல்லூரி அணிப் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் அணி வீரர் ஒருவர் மீது தாக்குதல் புகார் எழும்போது, அது பாலியல் வன்முறையானாலும் அடிதடியானாலும், உங்கள் பொறுப்பு எதுவரை என்பது குறித்து எழுதுகிறேன். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும், அவரை அணியை விட்டு நீக்க வேண்டுமா கூடாதா என்ற ஒற்றைக் கேள்வியில்தான் போய் நிற்கிறது. எனக்கு அது இரண்டாவது கேள்வியாகத்தான் படுகிறது. புகார் உங்கள் காதுக்கு எட்டிய முதல் சில மணி நேரத்தில் யாரிடம் பேசினீர்கள், என்ன கேட்டீர்கள், எதை எழுதி வைத்தீர்கள் என்பதில்தான் பெரிய பெயர் பெற்ற அணிகளும் சறுக்கியிருக்கின்றன.

செய்தி வரும் வழி உங்களுக்குத் தெரியாததல்ல. காவல் துறையோ நிர்வாகமோ சொல்வதற்கு முன்பே, துணைப் பயிற்சியாளர் ஒருவர் இரவில் அழைத்து, "நம்ம பையன் ஒருத்தன் பேரு அடிபடுது சார்" என்று இழுப்பார். உடனே நீங்கள் அந்த வீரரை அழைப்பீர்கள். அவர் குரல் உடைந்து, அப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்பார். பிறகு அன்று அவரோடு இருந்த இரண்டு மூன்று பேரை உங்கள் அறைக்கு வரவழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு விசாரிப்பீர்கள். எல்லாம் அக்கறையில் செய்வதுதான். ஆனால் காலையில் முறையான விசாரணை அதிகாரி வரும்போது, சாட்சிகள் அத்தனை பேரும், தங்களை ஆட்டத்தில் இறக்குவதும் உட்கார வைப்பதும் யார் கையில் இருக்கிறதோ அவர் முன்னிலையில் ஏற்கெனவே ஒருமுறை பேசி முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு சொன்னதை மாற்றிச் சொல்ல எவருக்குத் துணிவு வரும்? புகார் உண்மையானால் பாதிக்கப்பட்டவருக்கும், பொய்யானால் உங்கள் வீரருக்கும், அந்த இரவு விசாரணை தீங்கையே செய்திருக்கும். சாட்சிகளைப் பயிற்சியாளர் தயார் செய்துவிட்டார் என்ற சந்தேகத்தைப் பின்னால் யாராலும் துடைக்க முடியாது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதுதான். பல்கலைக்கழகமே அமர்த்திய சட்ட நிறுவனத்தின் விசாரணை முடிவுகள் 2016 மே மாதம் வெளியாயின. அமெரிக்கக் கால்பந்து அணியின் ஊழியர்கள் புகார் செய்தவர்களையோ அவர்களின் பெற்றோரையோ நேரடியாகச் சந்தித்ததும், சில புகார்களை உரிய அலுவலகத்துக்கு அனுப்பாமல் விட்டதும், பயிற்சியே இல்லாமல் தாங்களாக விசாரித்துப் புகார் சொன்னவர்களின் நம்பகத்தன்மையைக் குலைத்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன. தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் வெளியேற்றப்பட்டார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டார் அப்பதவியிலிருந்து அகற்றப்பட்டார். விளையாட்டுத் துறை இயக்குநர் பதவி விலகினார். இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2021 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிமீறல் குழு, பேய்லரின் செயலற்ற போக்கைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, புகார்களைத் தெரிவிக்கத் தவறியது தங்கள் விதிப் புத்தகத்தின்படி மீறல் ஆகாது என்றும் சொன்னது. விளையாட்டு அமைப்பின் விதிகளில் தேடிப் பார்த்து, இது தடை செய்யப்படவில்லையே என்று ஆறுதல் கொள்ளும் பயிற்சியாளர் எவ்வளவு தவறான இடத்தில் தேடுகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆகவே என் முதல் வேண்டுகோள், விசாரிக்காதீர்கள் என்பதே. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டபடியே, நாளும் நேரமும் இட்டு, அதற்கென்று நியமிக்கப்பட்ட அலுவலகத்துக்கு அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள். வீரர் உங்களிடம் நடந்ததைச் சொல்ல வந்தால், அன்போடு நிறுத்துங்கள். வழக்கறிஞரிடம் சொல்வதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, பயிற்சியாளரிடம் சொல்வதற்குக் கிடையாது. நாளை நீங்களே சாட்சிக் கூண்டில் ஏறி அவர் சொன்னதை ஒப்புவிக்க வேண்டி வரலாம். "என்னிடம் எதுவும் சொல்லாதே, முதலில் வீட்டுக்குப் பேசு, ஒரு வழக்கறிஞரைப் பார், அந்தப் பெண்ணுக்கு எந்த வகையிலும் செய்தி அனுப்பாதே, தொலைபேசியில் இருப்பது எதையும் அழிக்காதே" என்று சொல்வது அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உண்மையான உதவி. அதைச் சொல்லும்போது கல்லூரி ஆலோசகர் ஒருவரின் எண்ணையும் கையில் கொடுங்கள், ஏனென்றால் குற்றம் சாட்டப்பட்ட பத்தொன்பது வயதுப் பையன் அன்றிரவு என்ன செய்துகொள்வான் என்பதும் உங்கள் கவலைதான்.

எழுத்தில் அனுப்பியதோடு கடமை முடிந்ததா என்றால், இல்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துத் தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டேர்னோ, தன் முன்னாள் துணைப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி பற்றி 2001இல் காதுக்கு வந்த பாலியல் புகாரை மேலதிகாரிகளிடம் சொல்லத்தான் செய்தார். சொன்ன பிறகு என்ன ஆயிற்று என்று அவர் துருவிக் கேட்கவில்லை. 2011 நவம்பரில் அவர் பதவி பறிக்கப்பட்டது. 2012இல் சாண்டஸ்கி மீதான 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. அங்கே குற்றவாளி வீரர் அல்லர் என்பது உண்மைதான், பாதிக்கப்பட்டவர்களும் சிறுவர்கள். ஆனால் "மேலே சொல்லிவிட்டேன், இனி அவர்கள் பாடு" என்ற மனநிலை எல்லாப் புகார்களிலும் ஒன்றேதான். விசாரணையின் உள்ளடக்கத்தைக் கேட்க உங்களுக்கு உரிமையில்லை; விசாரணை நடக்கிறதா என்று கேட்க உரிமை உண்டு, அந்தக் கேள்வியை வாரந்தோறும் கேளுங்கள்.

இனி ஆட விடுவது பற்றி. நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் பந்தை ஏந்தி ஓடும் வீரர் ஒருவர் 1995 செப்டம்பரில் தன் முன்னாள் தோழியைத் தாக்கியதற்காகக் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண் அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீராங்கனை. பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன், அணி என்ற கட்டுக்கோப்பு இல்லாமல் போனால் அந்த இளைஞர் முற்றிலும் வழிதவறிவிடுவார் என்று வாதாடி, ஆறு ஆட்டங்களுக்குப் பிறகு அவரைத் திரும்பச் சேர்த்தார். 1996 ஜனவரியில் தேசியப் பட்டத்துக்கான இறுதியாட்டத்தில் அவரும் ஆட, நெப்ராஸ்கா 62-24 என்று வென்றது. ஆஸ்போர்னின் அக்கறை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கில் ஓர் ஆள் விடுபட்டிருக்கிறார். ஒரே விளையாட்டுத் துறையில், ஒரே பயிற்சி வளாகத்தில், தன்னைத் தாக்கியவரைப் பார்வையாளர்கள் ஆர்ப்பரித்து வரவேற்பதைக் கேட்டுக்கொண்டு அந்த வீராங்கனையும் அந்த ஆட்டப் பருவத்தைக் கடக்க வேண்டியிருந்தது. அவருடைய கட்டுக்கோப்பு யாருடைய பொறுப்பு? ஒருவரை மீட்க அணி மருந்தாகும் என்றால், அந்த மருந்தைக் களத்துக்கு வெளியிலும் கொடுக்கலாம். பயிற்சிக்கூடத்தின் நேரத்தை மாற்றலாம், உதவித்தொகையைத் தொடரலாம், ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யலாம், படிப்பை விடாமல் பார்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை ஆட்டத்தில் இறக்குவது மட்டும்தான் மீட்பு என்று சொல்லும்போதுதான், மீட்கப்படுவது வீரரா வெற்றிப் பட்டியலா என்ற ஐயம் எழுகிறது. அந்த வீரர் பின்னாளில் வேறு வன்முறைக் குற்றங்களுக்காக நீண்ட தண்டனை பெற்று, 2016இல் சிறையிலேயே இறந்தார்.

ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் நிகழ்வு வேறு வகையில் பாடம். 2014 ஜூலையில் புதிதாகச் சேர்ந்த வீரர் ஒருவர் உணவு விடுதியில் ஒரு பெண்ணின் முகத்தில் குத்தினார். கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அதில் என்ன இருக்கிறது என்பது பல்கலைக்கழகத்துக்கு அப்போதே தெரியும். ஒரு பருவம் ஆடத் தடை விதித்து, பிறகு அவரை ஆட விட்டார்கள். 2016 டிசம்பரில் அந்தப் படப்பதிவு பொதுவெளிக்கு வந்ததும், பயிற்சியாளர் பாப் ஸ்டூப்ஸ், இன்றைய நிலையில் நீக்கம் ஒன்றே ஏற்கத்தக்க முடிவு என்ற பொருளில் பேசினார். இரண்டரை ஆண்டுகளில் குத்து மாறவில்லை, காயம் மாறவில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கைதான் மாறியது. நீங்கள் ஒரு முடிவை எடுக்கும்போது, உங்கள் மேசையில் இருக்கும் ஆதாரம் நாளைக் காலை ஊரே பார்க்கும்படி வெளியானால் இதே முடிவைத் தலை நிமிர்ந்து சொல்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். தயக்கம் வருமானால், முடிவைத் தீர்மானித்தது நீதி உணர்வன்று.

எதிர்ப்பக்கத்து வாதத்தை நான் ஒதுக்கவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் லக்ராஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தை எறிந்து ஆடும் விளையாட்டு) அணி வீரர்கள் மீது 2006 மார்ச்சில் பாலியல் வன்முறைப் புகார் எழுந்தபோது, ஏப்ரல் முதல் வாரத்திலேயே பருவத்தின் மீதி ஆட்டங்கள் ரத்தாயின, பயிற்சியாளர் மைக் பிரெஸ்லர் பதவி விலக வைக்கப்பட்டார். மூவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2007 ஏப்ரலில் வட கரோலினாவின் தலைமைச் சட்ட அதிகாரி வழக்கைக் கைவிட்டதோடு, அம்மூவரும் குற்றமற்றவர்கள் என்றே அறிவித்தார். மரபணுச் சோதனையில் எதிர்த்தரப்புக்குச் சாதகமாக இருந்ததை மறைத்தது உள்ளிட்ட தவறுகளுக்காக அரசு வழக்கறிஞர் மைக் நைஃபாங் தொழில் உரிமத்தை இழந்தார். இந்த வழக்கைக் காட்டி, புகார் என்றாலே பொய் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வழக்கு சொல்லாத செய்தி. அங்கே அவசரப்பட்டவர்கள் அத்தனை பேரும் விசாரணை முடியும் முன் தீர்ப்புச் சொன்னவர்கள். "எங்கள் பையன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று முதல் நாளே அறிக்கை விடும் பயிற்சியாளர் செய்வதும் அதே அவசரம்தான், திசை மட்டுமே வேறு. அவரை நீங்கள் அறிந்தது பயிற்சி நேரத்தில், உங்கள் பார்வையில், உங்களை மகிழ்விக்க அவருக்குக் காரணம் இருந்த நேரத்தில். பூட்டிய அறைக்குள் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அந்த அறிமுகம் சான்றாகாது.

எனவே, விசாரணை முடியும் வரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைப்பது தண்டனை ஆகிவிடாமல் இருக்க ஒரே வழி, அது ஆளைப் பார்த்து எடுக்கும் முடிவாக இல்லாதிருப்பதுதான். எவ்வகைப் புகார், எந்த நிலையை எட்டினால் விலக்கல், யார் ஆணையிடுவார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை மறு ஆய்வு, குற்றமற்றவர் என்றானால் கல்லூரிக்காக ஆடத் தகுதியுள்ள காலத்தில் இழந்ததையும் பெயரையும் எப்படித் திருப்பித் தருவது, இவையெல்லாம் பருவம் தொடங்கும் முன்பே, யார் பெயரும் மனத்தில் இல்லாத நேரத்தில் எழுதப்பட வேண்டும். அந்த ஆணையில் உங்கள் கையெழுத்து இல்லாமலிருப்பது உங்களுக்கே நல்லது. நட்சத்திர வீரருக்கு ஒரு நியாயம், மாற்று வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு நியாயம் என்ற பேச்சு எழ இடமே இருக்காது.

உங்கள் கையை விட்டுப் போகவே முடியாத பகுதி ஒன்றுண்டு: மற்ற வீரர்கள். புகார் வந்த மறுநாளே அணியின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெண்ணின் புகைப்படம் சுற்றத் தொடங்கும். அவர் யாரோடு பழகினார், முன்பு என்ன உடுத்தினார் என்பதெல்லாம் அலசப்படும். ரசிகர்கள் அவர் விடுதியைத் தேடிப்பிடிப்பார்கள். நிர்வாகத்தின் சுற்றறிக்கை அதை நிறுத்தாது. "அவரைப் பற்றி ஒரு சொல் எழுதியவர் என் அணியில் ஆட மாட்டார்" என்று நீங்கள் உடைமாற்றும் அறையில் நின்று சொன்னால் நிற்கும். உங்கள் பேச்சுக்கு அந்த எடை உண்டு என்பதால்தான் உங்கள் மௌனத்துக்கும் எடை உண்டு. பார்த்ததைச் சொல்ல நினைக்கும் சக வீரரும் அந்த அறையில்தான் இருக்கிறார், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு.

புகாருக்கு முந்திய பொறுப்பையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் புதிய வீரர்களைக் கவர அழைத்துவரும் நிகழ்ச்சியின்போது 2001இல் நடந்த வன்முறை தொடர்பாக மாணவிகள் தொடுத்த வழக்கில், அத்தகைய ஆபத்து இருப்பது பயிற்சியாளருக்குத் தெரிந்திருந்ததா என்பதே மையக் கேள்வியாயிற்று. 1972ஆம் ஆண்டின் கல்விச் சமத்துவச் சட்டமான டைட்டில் நைன் பிரிவின் கீழ் வழக்கு தொடரலாம் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்ததும், பல்கலைக்கழகம் இருபத்தெட்டு லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

கடைசியாக, பெரும்பாலும் யாரும் பேசாத ஒன்று. நீக்கப்பட்ட வீரர் வேறொரு கல்லூரிக்குப் போவார். அங்குள்ள பயிற்சியாளர் உங்களை அழைப்பார். "நல்ல ஆட்டக்காரன், இங்கே சூழல் ஒத்துவரவில்லை" என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. அடுத்த வளாகத்திலுள்ள மாணவிகள் உங்களுக்கு முகம் தெரியாதவர்கள். கடும் நடத்தைக் கேட்டுக்காக நீக்கப்பட்டவர்களைத் தன் அணிகள் சேர்க்கக் கூடாதென்று அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புகளுள் ஒன்றான தென்கிழக்குக் கூட்டமைப்பு 2015இல் விதி வகுத்தது. இத்தகைய விசாரணைகளையும் தண்டனைகளையும் வீரர்கள் ஆண்டுதோறும் தாங்களே தெரிவிக்க வேண்டும் என்றும், இடம் மாறி வருபவரின் முந்தைய கல்லூரியிடம் கேட்டறிய வேண்டும் என்றும் என்.சி.ஏ.ஏ. தன் கொள்கையை 2020இல் விரிவாக்கியது. இவை இருந்தும் இடைவெளிகள் உண்டு. அவற்றை அடைக்க அந்தத் தொலைபேசி உரையாடலே போதும். வினா வரும்போது, நிலுவையில் உள்ள விசாரணை எது, முடிந்தது எது, அதன் முடிவு என்ன என்பதை, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். சொன்னதை அன்றே எழுத்திலும் அனுப்பி, ஒரு படியை உங்கள் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அணிக்கு இடம் மாறி வரும் ஒருவரைப் பற்றி நீங்கள் அழைக்கும்போதும், இதே பதிலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கல்லூரியிலிருந்து அந்த வீரரைச் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
கல்லூரி விளையாட்டை நெடுங்காலமாகப் பின்தொடரும் ஒருவர்